பச்சை

அந்த வெள்ளிக்கிழமை காலை
திரையில் மேற்குப் பாதி பச்சையாக இருந்தது.
இருபத்தாறு மெகாபாஸ்கல். முட்டுகளை எடுக்கலாம்.
விரலால் கையெழுத்துப் போட்டேன்.
கண்ணாடிமேல் போடும் என் கையெழுத்து
எப்போதும் வேறு யாருடையதோ போலத்தான் விழுகிறது.

டர்பனுக்கு வடக்கே, உம்லாங்கா மேட்டில், ஆறாவது தளம்.
ஜூலை. கடற்காற்றில் தலைக்கவசத்தின் வார்
தாடையில் அடித்துக்கொண்டே இருக்கும்.
காங்கிரீட்டுக்கும் குளிரும்,
குளிர்ந்தால் மெதுவாகத்தான் இறுகும்.
அதற்காகத்தான் சென்சார் வாங்கினார்கள்,
கம்பியோடு கம்பியாகக் கட்டிவிட்டால்
உள்ளிருந்தே சூடு சொல்லும் தீப்பெட்டி அளவுப் பெட்டி.
கேப்டவுனிலிருந்து பயிற்சி தர வந்தவன்
'இது பொய் சொல்லாது' என்றான்.
கேக் வெட்டினோம்.

பத்து மணிக்கு மின்வெட்டு.
பாரம் இறக்கும் தூக்கி பாதி வழியில் நின்றது.
கழற்றினால் இறக்க வழியில்லை,
ஆகவே ஒரு முட்டும் கழற்றவில்லை.
இரண்டரை மணி நேரம்.
சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டிலும் இதே நேரம்தான் போகும்,
குளிர்பெட்டிக்குள் மீன் என்னவாகும் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் யோசிக்கவில்லை.
ஐந்தாம் தளத்தில், அந்த மேற்குப் பாதிக்கு நேர் கீழே,
பதினோரு பேர் பன்னி சௌ பிரித்துச்
சாப்பிட உட்கார்ந்தார்கள். காற்று அங்கேதான் குறைவு.

சந்திலே ங்கோபோ சாப்பிடப் போகவில்லை.
தளத்தின் ஓரத்தில் குந்தி
ஒரு ஆணியால் தன் கால்பந்துக் குழுவின் பெயரைக்
கீறிக்கொண்டிருந்தான்.
AMAZU வரை வந்திருந்தது.
கத்தினேன். தளத்தைக் கெடுக்கிறாயா என்று.
அவன் சிரித்தபடி எழுந்தான், ஆணியைப் பையில் போட்டான்.
நான் குனிந்து பார்த்தேன்.

எழுத்து ஆழமாக இருந்தது.
நகத்தால் தொட்டால் விளிம்பு உதிர்ந்தது,
நனைந்த பிஸ்கட் போல.

ஏழு நாள் தளம் இப்படி உதிராது.
அப்போதுதான் கிழமைகளை எண்ணினேன்.
கிழக்குப் பாதி போன வெள்ளி.
மேற்கு, புதன் மாலை.
விரல் விட்டு எண்ணக்கூடிய கணக்கு.
காலையில் ஏன் எண்ணவில்லை?
பச்சையாக இருந்தது, எண்ணவில்லை.

0417, 0471.
பெட்டிகளைப் பதிவு செய்தவள் நான்.
மழை, கையுறை, வழுக்கும் திரை,
பின்னால் காத்திருந்த கலவை லாரியின் ஹாரன்.
இயந்திரம் பொய் சொல்லவில்லை.
கிழக்கின் உண்மையை
மேற்கின் முகவரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான்.
பென்சிலால் எழுதிய காலத்திலும்
எண்கள் இடம் மாறியிருக்கும்.
ஆனால் பென்சில் எண்ணைப் பார்த்தவர்கள்
ஒருமுறையாவது புருவம் சுருக்குவார்கள்.
பச்சையைப் பார்த்து யார் புருவம் சுருக்குவது?

படியிறங்கி ஓடினேன்.
என்ன சொல்லி அவர்களை எழுப்பினேன் என்று நினைவில்லை.
ஒருவர் கையில் ரொட்டியோடே வந்தார்,
குழம்பு முழங்கை வரை வழிய.

மின்சாரம் வந்ததும் எண்களை மாற்றினேன்.
மேற்கு சிவந்தது. ஒன்பது மெகாபாஸ்கல்.
'திருத்தம் 12:41, பயனர் பி. மூன்சாமி'
என்று மட்டும் எழுதிக்கொண்டது.
ஏன் என்று அது கேட்கவில்லை.
ஜோகன்னஸ்பர்க் அலுவலகம் கேட்டது,
தாமதத்துக்குக் காரணம் என்னவென்று.
கீழே விரியும் பட்டியலில் எட்டுக் காரணங்கள்:
மழை, வேலைநிறுத்தம், பொருள் வரவில்லை...
என்னுடையது அதில் இல்லை.
மின்வெட்டு என்று தொட்டேன்.
அதுவும் பொய்யில்லை.
ஊரே சபிக்கும் அந்த இருட்டுதான்
பதினோரு பேரைத் தாங்கிக்கொண்டு நின்றது.

சந்திலேவிடம் சொல்லவில்லை.
ஒரு மாதம் கழித்து வேறு கட்டடத்துக்குப் போய்விட்டான்,
என்னைக் கடுகடுப்பான பொறியாளர் என்று எண்ணியபடியே.

இப்போது அந்த ஓரத்தில் ஓடு பதித்தாயிற்று.
யாரோ அங்கே நாற்காலி போட்டுக் கடல் பார்ப்பார்கள்.
காலடியில் ஐந்தெழுத்து.
மீதி இரண்டை எழுத
நான் விடவில்லை.